பார்க்காமப் போட்டுக் குடுங்க

லேமினேஷன் மெஷின் சூடாவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஜெராக்ஸ் அக்கா நான்கு பேருக்குப் புத்தி சொல்லி, இரண்டு பேரைத் திட்டி, ஒருவரையாவது சிரிக்க வைத்துவிடுவாள்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தை அடைத்துக் கட்டிய கடை அது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின். நடுவில் அக்கா. அவள் திரும்ப வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மெஷின் வழிவிட வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாம் வெயிலில், தெருவில்தான்.

லிஃப்ட் மெக்கானிக் மூன்றாவது ஆளாக நின்றிருந்தான். சட்டைப் பையில் ஒரு பழுப்பு உறை. நெஞ்சு வலிக்காரன் மாதிரி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றான்.

முதலில் நின்றவர் ஒரு பெரியவர். கையில் பட்டச் சான்றிதழ்.

"இதை நல்லா கெட்டியா போட்டுக் குடும்மா. என் பேரன் காலம் வரைக்கும் நிக்கணும்."

"அசலையா? சார், அசலைப் பிளாஸ்டிக்ல அடைச்சிட்டா, நாளைக்கு யாராவது சீல் வைக்கணும்னு சொன்னா எங்க வைப்பாங்க? உங்க நெத்தியிலயா?"

பெரியவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஒரு கலர் காப்பி எடுத்துத் தரேன். அதுக்குப் போட்டுக்கலாம். அசலை உறையில போட்டு பீரோவுல வைங்க."

அடுத்தது ஒரு பெண். மகள் முதல் முதலாகப் பள்ளிக்குப் போன படம்.

"இது ஸ்டூடியோவுல போட்டதா, வீட்டு பிரிண்டர்ல எடுத்ததா?"

"வீட்லதான்க்கா."

"அதானே பார்த்தேன். சூடு காட்டினா மை ஓடி உங்க பொண்ணுக்கு மீசை முளைச்சிடும். இதுக்குக் கோல்டு லேமினேஷன். சூடே கிடையாது. ஒட்டுற பிலிமை வச்சு கையால உருளையை ஓட்டித் தேய்க்கணும். என் தோள்பட்டை போகும், உங்க போட்டோ போகாது." உருளையை எடுத்துக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எல்லாரும் என்ன பேப்பர்னு சொல்லிட்டுக் குடுங்கப்பா. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் மறைக்கக் கூடாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை.

காலையில் அவன் மனைவியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆறு மாதமாக அந்தப் படம் அவளுடைய தலையணைக்கடியில் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கேன் படம். ஐந்தாம் மாதத்தில் எடுத்தது. ஏழாம் மாதத்தில், பிறக்கும் முன்பே எல்லாம் முடிந்துபோனது. கைப்பேசியில் இருந்த படங்களை அவன் கூடப்பிறந்த அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து, இரண்டு பேர் கைப்பேசியிலும் ஒன்று விடாமல் அழித்துவிட்டாள். "பார்க்கப் பார்க்க அழுவா, தம்பி. இருந்தாத்தானே பார்ப்பா" என்றாள். நல்ல எண்ணம்தான். ஃபைலுக்குள் இருந்த காகிதம் மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பியது.

அந்தக் காகிதமும் இப்போது போய்க்கொண்டிருந்தது.

"நாளுக்கு நாள் மங்குதுங்க. போன மாசம் மூக்கு நல்லாத் தெரிஞ்சுது. இப்ப தேட வேண்டியிருக்கு" என்று நேற்று மனைவி சொன்னபோது, அவனுக்குள் ஏதோ சுறுசுறுப்பானது. ஆறு மாதமாக அவளுக்கு என்ன செய்வது, என்ன சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் வேண்டாத நாற்காலி மாதிரிக் கிடந்தவன் அவன். இது ரிப்பேர் வேலை. ரிப்பேர் அவனுக்குத் தெரியும்.

"லேமினேஷன் பண்ணிடலாம். நான் பண்ணிட்டு வரேன்."

அவள் காலையில் படத்தை உறைக்குள் போட்டு, அவன் சட்டைப் பையில் தானே வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அதுல ரெண்டு மூணு விதம் இருக்குமாம். எது சரியா வரும்னு காட்டிக் கேளுங்க. காட்டிக் கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க. இது ஒண்ணுதான் இருக்கு."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே. சரி."

இப்போது அவன் முறை.

"தம்பிக்கு என்ன?"

உறையை நீட்டினான். அக்கா அதைப் பிரிக்கப் போனாள். பின்னால் நான்கு பேர். இந்த அக்கா வெளியே எடுப்பாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், "அட, பாப்பாவா! இப்ப எத்தனை மாசம்?" என்று கேட்பாள். அதற்கு அவன் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா... பார்க்காமப் போட்டுக் குடுங்க."

அக்காவின் கை நின்றது. அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வாய் ஓயாத அக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பல வருடம் முன்பு ஒரு பெண் விவாகரத்துத் தீர்ப்பை நகலெடுக்கக் கொடுத்தபோது, அதைப் படித்துவிட்டு "அடப்பாவமே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் வரிசையில் நின்றிருந்த எல்லார் முன்னாலும் உடைந்து அழுதாள். அன்றிலிருந்து யாராவது பார்க்காதே என்றால் அக்கா பார்க்க மாட்டாள். காகிதத்தைக் குப்புறத் திருப்பித்தான் எடுப்பாள். காரணமும் கேட்க மாட்டாள்.

அப்படியே எடுத்தாள். விரலால் மட்டும் தடவினாள்.

"வழவழன்னு இருக்கு. ஸ்டூடியோ போட்டோவா?"

ஆமாம் என்று தலையாட்டினான். ஒரு தலையாட்டல்தான். வாயைத் திறக்காமல் தப்பித்ததில் அவனுக்கு அந்த நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"அப்ப சூட்டுலயே போடலாம். ஸ்டூடியோ போட்டோ தாங்கும். ஒரு மூலை மடிஞ்சிருக்கு, நிமிர்த்தட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

குப்புறக் கிடந்த காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, மெஷினின் வாயில் கொடுத்தாள். உருளைகள் அதை மெல்ல இழுத்துக்கொண்டன. அவன் மறுபக்கம் போய் நின்றான். ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. முதுகுப்பக்கம், வெள்ளை. இரண்டு விரல். முழுவதும் வந்தது. ஆறட்டும் என்று அக்கா மேஜையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தாள்.

அவன்தான் எடுத்துத் திருப்பினான்.

கறுப்பு.

ஓரத்திலிருந்து ஓரம் வரை, பளபளவென்று, அடுப்புக் கரியைக் கண்ணாடிக்குள் அடைத்த மாதிரி. வேறு யாருடையதையோ எடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தான். மேஜையைப் பார்த்தான். வேறு எதுவும் இல்லை.

"அக்கா. என்னக்கா இது?"

அக்கா பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"தம்பி... இது ஸ்கேன் படமா?"

அவன் அட்டையைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தான்.

"ஐயோ, தம்பி! இதுக்குச் சூடு ஆகவே ஆகாதே. இந்தப் பேப்பர்ல மையே கிடையாது. மெஷின் அங்கங்க சூடு வச்சுத்தான் படமே போடுது. நாம மொத்தமா சூடு வச்சா மொத்தமும் கறுத்துடும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெராக்ஸ் எடுத்து அதுக்குப் போட்டிருப்பேனே. அசலைத் தொட்டிருக்கவே மாட்டேனே..."

"நீங்க ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல!" அவன் கத்தியதில் வரிசை ஒரு அடி பின்வாங்கியது. "எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றீங்க? தொட்டா தெரியாது?"

"நீதானே தம்பி பார்க்க வேண்டாம்னு சொன்னே." அக்கா சண்டைக்குச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவனால் தாங்க முடியவில்லை. "ஸ்டூடியோவான்னு வேற கேட்டேன்..."

"பிரிச்சு எடுக்க முடியுமா?"

"பிரிச்சா கிழியும். கிழியாம வந்தாலும் கறுத்தது கறுத்ததுதான்." கொஞ்சம் தயங்கி, "குழந்தை நல்லா இருக்குல்ல, தம்பி? அடுத்த ஸ்கேன்ல வேற படம் கேட்டு வாங்கிக்கலாம்ல?" என்றாள்.

அவன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். அக்கா பின்னாலேயே கடையைவிட்டு இறங்கி நாலு எட்டு வந்தாள். பிறகு புரிந்துகொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

*

ஸ்கேன் சென்டரில், முன்மேஜைப் பெண் தேதியைக் கேட்டாள். சொன்னான். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் நாங்க மெஷினே மாத்திட்டோம் சார். பழைய மெஷின் போனதோட அதுல இருந்த படமும் போயிடுச்சு. ரிப்போர்ட் வேணா பிரிண்ட் எடுத்துத் தரவா?"

ரிப்போர்ட்டில் எடை இருந்தது, தலைச் சுற்றளவு இருந்தது, எலும்பின் நீளம் இருந்தது. எல்லாம் எண்கள். மடித்து வைத்துக்கொண்டான்.

மத்தியானம் அவனுக்கு ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் மெஷின் அறை மொட்டை மாடியில். கூட வேலை செய்யும் வயர்மேனை எல்லோரும் 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் கழற்றிவிடுவான், அடுத்தவன் வாயில் இருக்கும் பேச்சு உள்பட. மெக்கானிக் ஒரே நட்டை மூன்றாவது தரம் முடுக்குவதைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூ அவனிடமிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினான்.

"என்னடா ஆச்சு? சொல்லு. இல்லன்னா லிஃப்ட்டு மூணாவது மாடியில நிக்கும்போது உன்னத்தான் உள்ள வச்சிருப்பேன்."

சொன்னான். ஸ்க்ரூ கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"இதுக்கா இப்படி இடிஞ்சு போயிருக்கே? ஸ்கேன் படம் எல்லாம் ஒரே மாதிரிதான்டா இருக்கும். போன்ல தேடினா ஆயிரம் கிடைக்கும். அதே சைஸுல ஒண்ணைப் பிரிண்ட் போட்டு, பிளாஸ்டிக்ல அடைச்சுக் குடு. மங்கலாதானே இருந்துதுன்னு சொல்றே? தங்கச்சி சத்தியமா கண்டுபிடிக்காது. அதுக்கு மனசு ஆறினா சரி. பொய் சொல்லி ஒரு மனசு ஆறுதுன்னா அது பொய்யே இல்லடா."

தப்பு என்று தோன்றியது. ஆனாலும் கைப்பேசியை எடுத்தான். அவளிடம் போய்க் கறுப்பு அட்டையை நீட்டும் காட்சியை நினைத்தபோது, எந்தத் தப்பும் அதைவிடச் சின்னதாகத்தான் தெரிந்தது.

ஸ்க்ரூ சொன்னது நிஜம். வரிசை வரிசையாக வந்தன. சாம்பல் நிறத்தில், விசிறி வடிவத்தில், நடுவில் ஒரு குழந்தை. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது, மல்லாந்து கிடந்தது. கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போனான்.

"இதுவா?" என்றான் ஸ்க்ரூ, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "மாதிரி இருக்கா?"

"தெரியலை."

"இது?"

"தெரியலைடா."

"என்னடா தெரியலை? தலை எந்தப் பக்கம் இருந்துது, அதையாவது சொல்லு."

மெக்கானிக்கின் கட்டை விரல் நின்றுவிட்டது.

தலை எந்தப் பக்கம்?

எடுத்த அன்று ஸ்கேன் அறைக்குள் அவனை விடவில்லை. வெளியே வந்து அவள் காட்டியபோது பில் கட்டும் வரிசையில் இருந்தான். "ம், ம், சூப்பர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். நிறைய நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று. அதற்கப்புறம் வேலை. அதற்கப்புறம் ஏழாம் மாதம். அதற்கும் அப்புறம் அவள் தலையணைக்கடியிலிருந்து அதை எடுக்கும்போதெல்லாம் அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். குழாயைச் சரிபார்த்தான். செருப்பைத் துடைத்தான்.

தன் பிள்ளையின் முகத்தை ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவே அவனால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கறுத்துப்போனதால் அல்ல. கறுக்காமல் இருந்தபோதே அவன் பார்க்கவில்லை.

கைப்பேசியை அணைத்து வைத்தான்.

"வேண்டாம்டா" என்றான். ஸ்க்ரூ முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு, ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தான்.

*

ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். தலை சீவியிருந்தாள். அவள் தலை சீவி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"போட்டாச்சா? நல்லா வந்துதா?"

அவன் செருப்பைக் கழற்றினான். நேராக உள்ளே வந்து மேஜைமேல் அட்டையை வைத்தான். முன்பக்கம் மேலே தெரியும்படிதான் வைத்தான்.

அவள் பார்த்தாள். எடுத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"இது என்ன? படம் எங்க?"

"இதுதான்."

"விளையாடாதீங்க. படம் எங்க?"

"சூட்டுல கறுத்துப் போச்சு. என் தப்பு. கடைக்காரம்மா மேல தப்பில்லை. பார்க்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். ஸ்டூடியோ போட்டோவான்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன்."

"ஏன்?"

"சொல்ல வரலை."

"என்ன சொல்ல வரலை? ஸ்கேன் படம்னு சொல்ல வரலையா?" அவள் குரல் உயரவில்லை. "நான் துணிக்கடையில பில் போடுறவ. எங்க பில் பேப்பரும் இதே ஜாதிதான். மேல டீ டம்ளரை வச்சா வட்டமா கறுக்கும். அதுக்குத்தான் காட்டிக் கேளுங்க, காட்டிக் கேளுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். எல்லாத்தையும் நானேதான் செய்யணுமா? அழுறதையும் நானேதான் அழணும், அடக்கம் பண்ண இடத்தையும் நானேதான் நினைச்சுக்கணும், இதைக் கடைக்கும் நானேதான் கொண்டுபோயிருக்கணுமா?"

அட்டையை மேஜைமேல் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. குழாய்ச் சத்தமும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. போகலாமா என்று எழுந்தான், உட்கார்ந்தான். தண்ணீர் குடிக்கத் தோன்றியது. போகாமல் அங்கேயே இருந்தான்.

ஜன்னல் வெயில் தரையில் மேஜைக்கால் வரை நீண்ட பிறகு அவள் வந்தாள். கண் சிவந்து, முகம் கழுவியிருந்தது. எதிரே உட்கார்ந்தாள்.

"வேற எங்கயாவது கேட்டீங்களா?"

"ஸ்கேன் சென்டர் போனேன். அவங்ககிட்ட இல்ல." ரிப்போர்ட்டை வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். நெட்ல இருந்து வேற ஒரு படத்தை எடுத்து, இதுதான்னு உன்கிட்ட குடுத்துடலாம்னு பார்த்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"குடுக்கலை. எதை எடுக்கறதுன்னு தெரியலை. நம்மளது எப்படி இருந்துதுன்னே எனக்குத் தெரியலை. நான்... ஒரு நாளும் சரியா பார்க்கலை."

"தெரியும்" என்றாள் அவள்.

"தெரியுமா?"

"நான் எடுக்கும்போதெல்லாம் உங்களுக்குத் தாகம் எடுக்குமே. ஆறு மாசமா எத்தனை சொம்பு தண்ணி குடிச்சீங்க!"

சிரிப்பு மாதிரி ஒன்று அவள் உதட்டில் தொடங்கி, பாதியில் வேறு ஏதோவாக மாறியது. அவள் புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவள் அட்டையை இழுத்தாள். ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு மூலையில் விரல் நின்றது. பிளாஸ்டிக்குக்கு அடியில், மடிந்த மூலை மடிந்தபடியே இருந்தது.

"இந்த மடிப்பு நான் எடுத்து எடுத்து விழுந்தது. வலது கைப்பக்கம், மேல."

அட்டையைத் திருப்பி, மடிப்பை வலப்பக்கம் மேலே வரும்படி அவன் முன்னால் வைத்தாள்.

"விரலைக் குடுங்க."

அவன் புரியாமல் நீட்டினான். மத்தியானம் முழுக்க லிஃப்ட் கம்பியில் புழங்கிய விரல். எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் போகாத விரல். அவள் அதைப் பிடித்துக் கறுப்பின் நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாக வைத்தாள்.

"இது நெத்தி. அகல நெத்தி. உங்க நெத்தி."

விரலை மெல்ல நகர்த்தினாள்.

"இங்க லேசா குழியும். இது மூக்கு. இங்க உதடு. இது தாடை, அவ்வளவா கிடையாது, சின்னது. இப்படிக் கீழ வந்தா நெஞ்சு. முதுகு இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்." விரல் பெரிய வளைவாகப் போய்த் திரும்பி வந்தது. "இங்கேருந்து கை. இப்படி மடங்கி, மேல போயி..."

அவள் நிறுத்தினாள்.

"மேல போயி?" என்றான் அவன்.

"வாய்ல. கட்டை விரல் வாய்ல."

"வாய்லயா?"

"அதைத்தான் அன்னிக்கு உங்ககிட்ட காட்டினேன். நீங்க சூப்பர்னு சொன்னீங்க."

அவன் அழுதான். ஆறு மாதத்தில் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் அழாதவன், அந்தச் சின்னத் துணி மூட்டையைக் கையில் வாங்கியபோதும் அழாதவன், ஒன்றுமே தெரியாத ஒரு கறுப்பு அட்டையைப் பார்த்து, தோள் குலுங்க அழுதான். அவள் அவன் விரலை விடவில்லை. ஆறுதலாக எதுவும் சொல்லவும் இல்லை. அவன் மேல் இருந்த கோபம் அவள் பிடியிலேயே இருந்தது. அது இன்றைக்குப் போகிற கோபம் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது.

"இன்னொரு தடவை காட்டு" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

காட்டினாள். நெற்றி, குழிவு, மூக்கு, உதடு.

வெயில் ஜன்னலைவிட்டுப் போகும்முன் மேஜையை ஒரு தரம் தொட்டது. அட்டை பளபளத்தது. அந்தப் பளபளப்பின்மேல், அவன் விரல் போன வழியெல்லாம் மெலிதாக ஒரு எண்ணெய்க் கோடு கிடந்தது. நேராகப் பார்த்தால் இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் இருந்தது.

பழக்க தோஷத்தில் அவன் சட்டை நுனியை இழுத்துத் துடைக்கப் போனான். அழுக்காக்கிவிட்டோமே என்று.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காதீங்க" என்றாள். "பாருங்க."